பினோக்கியோவுக்கு உயிர் கொடுத்தது யார்?

பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மை என்றதும் நம் கண்முன் வருவது மஞ்சள் தொப்பி போட்ட டிஸ்னிப் பையன்தான். அந்த முகத்தைக் கொடுத்தது படம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து ஒரு தாவு தாவி, "மூலக்கதை வெறும் உபதேசம், 1940-இல் டிஸ்னி எடுத்திராவிட்டால் அதை யார் சீண்டியிருப்பார்கள்?" என்று கேட்கிறார்களே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

முதலில் காலக்கணக்கு. கார்லோ லொரென்சினி, கொல்லோடி என்ற புனைபெயரில் இதை ரோமிலிருந்து வந்த ஒரு சிறுவர் இதழில் 1881 ஜூலையில் தொடராகத் தொடங்கினார். பதினைந்தாம் அத்தியாயத்தில் பொம்மையைக் கருவாலி மரத்தில் தூக்கிலிட்டுக் கதையையும் முடித்துவிட்டார். குழந்தைகள் விடவில்லை. அவர்கள் கேட்டதால் மறு ஆண்டு தொடர் மீண்டும் வந்தது, 1883-இல் புத்தகமானது. செத்த பொம்மையை முதலில் எழுப்பியவர்கள் அந்த வாசகர்கள். இத்தாலியில் 1911-லேயே மௌனப்படம் வந்தது. ரஷ்யாவில் எழுத்தாளர் அலெக்ஸி டால்ஸ்டாய் அவனைப் புராட்டினோ என்ற பெயரில் மாற்றி எழுதியது 1936-இல். டிஸ்னி படமோ, போரால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதால், முதல் வெளியீட்டில் போட்ட காசையே எடுக்கவில்லை. உயிர் கொடுத்ததாகச் சொல்லப்படுகிற படத்துக்கே அப்போது மூச்சு வாங்கியது.

திரைக்கு அப்படியொரு மந்திர சக்தி இருக்கிறதென்றால் எடுத்த படமெல்லாம் நின்றிருக்க வேண்டும். ஐம்பதை எட்டிய வயதில் ரொபெர்த்தோ பெனின்யி தானே பினோக்கியோவாக நடித்த 2002 படம், அமெரிக்காவில் அவருக்கு மோசமான நடிகருக்கான கோல்டன் ராஸ்பெர்ரியை வாங்கிக் கொடுத்தது. 2022-இல் டிஸ்னி நிறுவனமே தன் பழைய படத்தைப் புதுப்பித்து, மோசமான மறுஆக்கத்துக்கான அதே ராஸ்பெர்ரியைப் பெற்றது. அதே ஆண்டு கியெர்மோ தெல் தோரோ எடுத்த பினோக்கியோவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. கதை ஒன்று, ஆண்டு ஒன்று. திரை மட்டுமே காரணமென்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

"உபதேசக் கதை" என்பவர்கள் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார்களா என்பதே எனக்குச் சந்தேகம். அதில் உபதேசம் செய்யும் சுவர்க்கோழியைப் பினோக்கியோ நான்காம் அத்தியாயத்திலேயே மரச்சுத்தியல் எறிந்து கொன்றுவிடுகிறான். டிஸ்னியில் தொப்பியும் குடையுமாகப் பாடித் திரிகிறதே, அதே சுவர்க்கோழிதான். மூக்கு முதன்முதலில் நீள்வது, பொம்மையைச் செய்யும் ஜெப்பெட்டோ அதைச் செதுக்கிக்கொண்டிருக்கும்போது. பொய் சொல்ல வாயே இன்னும் செதுக்கப்படவில்லை! அடுத்து நீள்வது பசியில். ஜெப்பெட்டோ வீட்டுச் சுவரில் எரியும் அடுப்பும் கொதிக்கும் பானையும் வரைந்திருக்கும். பசித்த பிள்ளை மூடியைத் திறக்க ஓடுகிறான், வெறும் ஓவியம். ஏமாற்றத்தில் மூக்கு நாலு விரற்கடை நீள்கிறது. பிறகு மூன்று பேரிக்காய் கிடைக்கும்போது தோல் வேண்டாம் என்று அடம் பிடிப்பவன், கடைசியில் தோலையும் நடுத்தண்டையும் தின்று தீர்க்கிறான். அவனுக்குப் பாடப்புத்தகம் வாங்கத் தன் கோட்டை விற்றுவிட்டு, ஜெப்பெட்டோ சட்டையோடு பனியில் வந்து நிற்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு டஸ்கனியின் வறுமை இது. இயக்குநர் மத்தேயோ கர்ரோனே தன் 2019 பினோக்கியோ படத்தில் கைவைத்தது இந்த இடத்தில்தான். அதில் ஜெப்பெட்டோ அதே பெனின்யி. இம்முறை பாத்திரம் அவருக்குப் பொருந்தியது.

பசி ஒரு பக்கம், "சொன்ன பேச்சைக் கேள்" என்ற அதட்டல் ஒரு பக்கம். கொல்லோடி இரண்டையும் சமாதானப்படுத்தி வைக்கவில்லை. அதனால்தான் வருகிற இயக்குநர் ஒவ்வொருவரும் வேறு தீர்ப்புச் சொல்ல முடிகிறது. இத்தாலிய இயக்குநர் கொமென்சினி 1972 தொலைக்காட்சித் தொடரில் அவனைத் தொடக்கத்திலேயே பையனாக்கி, குறும்பு செய்தால் மறுபடி மரமாக்கினார். தெல் தோரோ கதையை முசோலினி காலத்துக்குக் கொண்டுபோய், சொல்பேச்சு கேளாமையையே நற்குணமாக்கினார். அவருடைய பையன் கடைசிவரை மரம்தான். இப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்க இடம் தருவது கதை. இயக்குநர்கள் அதனிடம் கடன் வாங்குகிறார்கள்.

கொல்லோடி இறந்தது 1890-இல். லூமியேர் சகோதரர்கள் பாரிசில் காசு வாங்கிக்கொண்டு முதல் படம் காட்டியது 1895-இல்.