ஜீப்பை உயர்த்தலாம், இடுப்பை ஒடிக்கலாமா?

ஜீப்பை உயர்த்துவது இப்போது ஒரு மோகமாகி விட்டது.

புது வண்டி வாங்கிய கையோடு இளைஞர்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார்கள். "2 அங்குலம் தூக்கி விடுங்கள்" என்கிறார்கள். சிலருக்கு அது போதவில்லை. 3 அங்குலம், 4 அங்குலம் கேட்கிறார்கள். பழைய ஸ்பிரிங் போகிறது. புது ஸ்பிரிங் வருகிறது. பெரிய டயர் ஏறுகிறது. வண்டி யானை போல நிமிர்ந்து நிற்கிறது. தெருவே திரும்பிப் பார்க்கிறது!

எல்லாம் சரி. குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போதுதான் சங்கதி தெரிகிறது.

வேகத்தடையில் ஏறி இறங்கினால் எலும்பெல்லாம் குலுங்குகிறது. பின் சீட்டில் இருக்கும் பாட்டி, "ஐயோ, என் இடுப்பு!" என்று அலறுகிறாள். குழந்தை குடித்த பாலைக் கக்குகிறது. மனைவி, "அடுத்த தடவை நான் பஸ்சில் வருகிறேன்" என்று சொல்லி விடுகிறாள்.

மெக்கானிக்கிடம் போய்க் கேட்டால், "ஜீப் என்றால் அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார்.

அப்படித்தான் இருக்குமா? இல்லவே இல்லை! இந்தப் பேச்சை நம்பித்தான் பலர் காசையும் கொடுத்து, உடம்பையும் கெடுத்துக் கொள்கிறார்கள். உயர்த்திய வண்டி உலுக்குகிறது என்றால், எங்கோ ஒரு வேலை சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கலாம். சரி செய்யலாம்.

சுகம் மட்டுமல்ல, உயிர்!

"கொஞ்சம் குலுங்கினால் என்ன? நாங்கள் என்ன ராஜா வீட்டுப் பிள்ளைகளா?" என்று கேட்பவர்கள் உண்டு.

குலுக்கல் என்பது வெறும் சௌகரியக் குறைவு அல்ல. ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால், சக்கரம் மேட்டில் ஏறியதும் எகிறுகிறது. எகிறிய சக்கரம் தரையைத் தொடுவதில்லை. தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. நேர் ரோட்டில் ஒருவேளை தப்பலாம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். அங்கே வளைவில் சக்கரம் எகிறினால் என்ன ஆகும்?

வண்டி உயர்ந்தால் கவிழும் அபாயமும் கூடுகிறது. தலையில் குடம் வைத்து நடக்கிறவள் திரும்பும்போது எவ்வளவு கவனமாகத் திரும்புகிறாள்! பாரம் மேலே போனால் கவனமும் கூட வேண்டும்.

ஸ்பிரிங் என்ன செய்கிறது?

சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பது ஸ்பிரிங். மேட்டில் சக்கரம் ஏறும்போது அது அமுங்குகிறது. அடியை அது வாங்கிக் கொள்கிறது. நமக்கு அடி குறைகிறது.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதற்கு உள்ளது ஷாக் அப்சார்பர். அதன் உள்ளே எண்ணெய் இருக்கிறது. சின்னத் துவாரங்கள் வழியாக எண்ணெய் நெருக்கிப் போகிறது. ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி அடங்கி விடுகிறது.

1941-ம் ஆண்டில் அமெரிக்க ராணுவத்துக்காகத் தயாரான வில்லிஸ் ஜீப்பில் நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங்தான். இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் அது. நம் ஊர் மலைகளில் ஓடும் பழைய ஜீப்புகளிலும் அதுதான். 2020-ம் ஆண்டு வந்த புது மகிந்திரா தார் வண்டியில் நான்கு பக்கமும் சுருள் ஸ்பிரிங் வந்து விட்டது.

எந்த வகையாக இருந்தாலும் விஷயம் ஒன்றே. சக்கரம் மேலே போகவும் இடம் வேண்டும். கீழே தொங்கவும் இடம் வேண்டும். உயரத்தை மட்டும் பார்த்து அந்த இடத்தைப் பறித்தால் வண்டி உலுக்கத்தான் செய்யும்.

முதலில் காற்றைப் பாருங்கள்

வண்டி உலுக்கினால் உடனே புது ஷாக் வாங்க ஓடாதீர்கள். காசு இல்லாத வைத்தியத்தை முதலில் செய்யுங்கள். அதுதான் டயர் காற்று.

காட்டுப் பாதைக்கான பெரிய டயர்கள் கனமானவை. அவற்றின் பக்கச் சுவரும் தடிப்பானது. அதில் காற்றையும் அதிகமாக அடைத்தால் டயர் கல்லாகி விடும். சிறு கல் மீது ஏறினாலும் 'தடதட' என்று அதிரும்.

சோதனை சுலபம். டயரின் தரை படும் பாகத்தில் குறுக்கே சாக்பீசால் ஒரு கோடு போடுங்கள். சமமான ரோட்டில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரத்திலும் மட்டும் அழிந்திருந்தால் காற்று குறைவு. கோடு முழுவதும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் சரி.

காற்று அதிகமாக இருந்தால் ஒரு தடவைக்கு 2 பவுண்டு மட்டும் குறையுங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். மணலுக்கும் சேற்றுக்கும் குறைத்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஓடக் கூடாது. டயர் சூடேறி வெடித்து விடும். வண்டியின் எடைக்கு டயர் கம்பெனி சொல்லும் அளவுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள்.

தொங்கும்போது முடுக்காதே!

அடுத்தது நட்டு, போல்ட். இதில்தான் பல ஒர்க்‌ஷாப்புகளில் தவறு நடக்கிறது.

ஸ்பிரிங்கும் அச்சும் வண்டியோடு சேரும் இடங்களில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்டை இறுக்கமாக முடுக்கி விடுகிறார்கள். பிறகு வண்டியை இறக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. முறுக்கிய ரப்பரும் ஒரு ஸ்பிரிங் மாதிரிதான். சக்கரத்தை அசைய விடாது. சீக்கிரம் கிழிந்தும் போகும்.

இதற்கு வைத்தியம் என்ன? எல்லா போல்டையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். வண்டியை நாலு சக்கரத்திலும் தரையில் நிறுத்த வேண்டும். முன்னும் பின்னும் அழுத்தி ஆட்ட வேண்டும். அதன் பிறகு, கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். செலவு கூலி மட்டும்தான்! சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்டுகளை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தம் சொல்லும் சேதி

வண்டி எப்படி இடிக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

சிறு மேடுகளில் ஓயாமல் அதிர்ந்தால், டயர் காற்றோ, விறைப்பான ஷாக்கோ காரணம்.

பள்ளத்தில் விழுந்ததும் 'டம்' என்று ஒரு இடி கேட்டால், அச்சு மேலே போய் ரப்பர் கட்டையில் முட்டுகிறது. சந்தேகமானால் அந்த ரப்பர் கட்டையின் நுனியில் கொஞ்சம் களிமண் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். மண் நசுங்கியிருந்தால் முட்டுவது உறுதி.

வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது 'டக்' என்று கேட்டால், ஷாக் நீளம் போதவில்லை. வண்டியை உயர்த்திவிட்டு பழைய ஷாக்கையே விட்டிருப்பார்கள். அது ஏற்கெனவே முக்கால்வாசி நீண்டு நிற்கும். சக்கரம் கொஞ்சம் தொங்கினாலும் எட்டாமல் இழுத்துப் பிடிக்கும். குட்டைக் கயிற்றில் கட்டிய மாடு எட்டுகிற வரைதானே மேயும்! உயரத்துக்குத் தகுந்த நீளமான ஷாக் போட்டால்தான் தீரும்.

பட்டை போட்டு உயர்த்துவது

பழைய ஜீப்பை உயர்த்த ஒரு குறுக்கு வழி உண்டு. இருக்கிற பட்டைகளோடு தடிப்பான பட்டை ஒன்றைச் சேர்த்துக் கட்டி விடுவார்கள். செலவு குறைவு. ஆனால் உலுக்கல் அதிகம்.

இரும்புப் பட்டையின் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை. 8 மடங்கு ஆகி விடுகிறது! ஆகவே ஒரே தடிப் பட்டையை விட, மெல்லிய பட்டைகள் பல அடுக்கிய கட்டே நல்லது. பட்டைகளுக்கு நடுவே துருப் பிடித்தாலும் விறைப்புக் கூடும். பிரித்துச் சுத்தம் செய்து மாட்டினால் வித்தியாசம் தெரியும்.

பட்டையின் ஒரு முனை ஷாக்கிள் என்ற சிறு இரும்பில் தொங்குகிறது. பட்டை அமுங்கும்போது நீளும். அதற்கு இடம் கொடுக்க ஷாக்கிள் ஊஞ்சல் போல ஆட வேண்டும். பட்டையை அளவுக்கு மேல் வளைத்து உயர்த்தினால், ஷாக்கிள் தவறான பக்கம் சாய்ந்து ஆட முடியாமல் முட்டும். அந்த முட்டல்தான் நம் முதுகில் இடியாக வந்து இறங்குகிறது. தகுந்த நீளமுள்ள ஷாக்கிள் மாற்றினால் நன்றாகும்.

சுருள் ஸ்பிரிங் வண்டிகளில் வேறு கோளாறு. அச்சை முன்னும் பின்னும் போகாமல் பிடிக்க இரும்புக் கைகள் இருக்கும். வண்டியை உயர்த்தியதும் அந்தக் கைகள் சரிவாகி விடுகின்றன. அடி வாங்கிய சக்கரம் மேலே போவதற்குப் பதில் பின்னுக்குத் தள்ளுகிறது. அடி நேரே வண்டியின் சட்டத்துக்குப் போகிறது. உயரத்துக்கு ஏற்ற நீளமான கைகளோ, அவற்றைத் தாழ்த்தி மாட்டும் துண்டுகளோ தேவை.

பாரம் பார்த்து ஸ்பிரிங்

"மலையில் மூட்டை ஏற்றுகிற ஜீப்புக்கு விறைப்பான ஸ்பிரிங் வேண்டாமா?" என்று கேட்கலாம்.

வேண்டும்! தோட்டத்து ஆட்களையும் முட்டைக்கோஸ் மூட்டையையும் தினம் ஏற்றிப் பிழைக்கிற டிரைவருக்கு அது தேவை. மெல்லிய ஸ்பிரிங் போட்டால் வண்டி உட்கார்ந்து விடும். ஆனால் நகரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து போகும் வண்டிக்கு அதே ஸ்பிரிங் எதற்கு? மூட்டை இல்லாத வண்டியில் மூட்டை ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது. குலுங்குவது நாம்தான்!

கடையில் "எத்தனை அங்குலம்?" என்று மட்டும் கேட்பார்கள். நீங்கள் பாரத்தைச் சொல்லுங்கள். வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் சாமானோடும் எடை மேடையில் வண்டியை நிறுத்தி எடை போடுங்கள். அந்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் கேளுங்கள்.

உயரம் உண்மையில் எங்கே?

இன்னொரு உண்மை பலருக்குத் தெரியாது. முழு அச்சு உள்ள ஜீப்பில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்தான் உயரும். அச்சின் நடுவில் உள்ள குண்டு பழைய உயரத்திலேயே நிற்கும். பாறையில் முதலில் இடிப்பது அந்தக் குண்டுதான். அது உயர வேண்டுமானால் டயர்தான் பெரிதாக வேண்டும். டயரின் மொத்த உயரம் 2 அங்குலம் கூடினால் குண்டு 1 அங்குலம் உயரும். அவ்வளவுதான்! 4 அங்குலம் ஸ்பிரிங் தூக்கி, பாறையில் அதே இடத்தில் இடித்துக் கொள்வதில் என்ன லாபம்?

சட்டத்தையும் மறக்கக் கூடாது. வண்டி தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்திய சட்டப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே வேலை தொடங்கும் முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் வாதாடிப் பயன் இல்லை.

ஏற்கெனவே உயர்த்திய வண்டியாக இருந்தால் வீல் அலைன்மெண்ட் பாருங்கள். முன் சக்கரத்தின் சாய்வு மாறியிருந்தால் வண்டி ரோட்டில் அலையும். பிரேக் குழாய் இழுத்துக் கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். முன் விளக்கையும் தாழ்த்தி வையுங்கள். எதிரே வருகிறவர் கண்ணும் கண்தானே!

யாருக்காக வண்டி?

வண்டியை நாம் வாங்குவது மனிதர்களை ஏற்றிச் செல்ல. தெரு திரும்பிப் பார்ப்பது ஒரு நிமிடம். பாட்டியின் இடுப்பு வலியோ ஒரு மாதம்!

காட்டுக்கும் மேட்டுக்கும் போகிற ஆசை தவறு அல்ல. தேவையான அளவு மட்டும் உயர்த்துங்கள். உயர்த்தினால் முழு வேலையும் செய்யுங்கள். அரை வேலைக்கு முழுக் காசு கொடுக்காதீர்கள். "ஜீப் என்றால் அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அவரையே பின் சீட்டில் உட்கார வைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

திரும்பி வந்ததும் அவரே ஸ்பேனரைத் தேடி எடுப்பார்!