வீட்டைக் காலி செய்தபின் எஞ்சும் பாக்கி

ஆனேக்கல்லில் வாடகை வீடு மாறியவர்கள் அறிவார்கள்: சாவியைக் கொடுத்த கணமே வீடு உரிமையாளரிடம் திரும்பிவிடும், தெருமுனை மளிகைக் கடையில் நம் பெயரில் உள்ள பாக்கி மட்டும் அப்படியே நிற்கும்.

"நிரல் முடிந்தால் இயங்குதளமே அனைத்தையும் விடுவித்துவிடும்" என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். சென்ற மாதம் ஆய்வகத்தின் பொதுக் கணினியில் என் சோதனை நிரலைப் பலமுறை 9ஆம் எண் சமிக்ஞையால் நிறுத்தினேன். நிரலால் பிடிக்கவோ தடுக்கவோ இயலாத சமிக்ஞை அது. மறுநாள், ஆய்வேட்டுக் கெடுவை நெருங்கியிருந்த தோழியின் இரண்டு நாள் கணக்கீடு நினைவகம் போதாமல் பாதியில் மடிந்தது. அப்போது என் செயல்முறை ஒன்றுகூட ஓடவில்லை. ஆயினும் 'ஐபிசிஎஸ்' கட்டளை, என் பெயரில் கிடந்த பகிர் நினைவகத் துண்டுகளை வரிசையாகக் காட்டியது.

லினக்ஸில் செயல்முறை முடியும்போது கெர்னல் அதன் முகவரிவெளியைக் கலைக்கிறது. திறந்த கோப்புகளையும் சாக்கெட்டுகளையும் மூடுகிறது. அது பிடித்திருந்த கோப்புப் பூட்டுகளை விடுவிக்கிறது. தாய்ச் செயல்முறை வெளியேற்றக் குறியீட்டைப் பெறும்வரை, பட்டியலில் ஒரு வரி மட்டும் 'ஸாம்பி'யாக நிற்கும். எனவே வெளியேறும் தறுவாயில் ஒவ்வொரு நினைவகத் துண்டையும் தேடித்தேடி விடுவிப்பது பெரும்பாலும் வீண் உழைப்பே. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் 'சிஸ்டம் ஃபைவ்' பகிர் நினைவகம் எந்தத் தனிச் செயல்முறைக்கும் உரியதன்று. ஒருவர் போனபின்னும் மற்றொருவர் பயன்படுத்தவே அது படைக்கப்பட்டது. யாரேனும் நீக்கும்வரை, அல்லது கணினி மறுதொடக்கம் பெறும்வரை, அது இருக்கும். தற்காலிகக் கோப்புகளும் பூட்டுக் கோப்புகளும் வட்டில் அவ்வாறே தங்கிவிடும். நிரலின் இடையகத்தில் எழுதப்படாது நின்ற தரவின் கதி நேர்மாறானது: அது நிரலோடு அழியும்.

இறுதியில் துப்புரவு செய்யலாம் என்று காத்திருப்பதே பிழை. அந்த இறுதி நமக்குக் கிட்டாமலே போகலாம். பகிர் துண்டைத் தேவையான செயல்முறைகள் யாவும் இணைத்துக்கொண்டவுடனே அதற்கு நீக்கக் குறி இட்டுவிட்டால், கடைசிச் செயல்முறை விலகும்போது கெர்னலே அதை அழிக்கும். பூட்டுக் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதினும், திறந்த கோப்பின்மேல் கெர்னல் தரும் பூட்டைப் பெறுவது நன்று. நிரல் எவ்வாறு மடிந்தாலும் அது அவிழும்.

ஆகவே வகுப்பில் அந்த வாக்கியத்தைத் திருத்துவோம்: உனக்கு மட்டும் உரியதைக் கெர்னல் மீட்டுக்கொள்ளும்; பிறரோடு பகிர்ந்ததற்கு நீயே பொறுப்பு. என் அலட்சியத்தின் விலையை நான் செலுத்தவில்லை, தோழி செலுத்தினார்.