முட்டு இல்லாமல் உடைப்பது குற்றம்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் கடைத்தெருவை ஒட்டிய பழைய வீடுகள் கடைகளாக மாறுகின்றன. திண்ணை போகிறது, முன்சுவரைப் பத்தடிக்கு உடைத்து ஷட்டர் மாட்டுகிறார்கள். அவரவர் வீடு, மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் மேலே நிற்கும் பாரத்துக்கு முட்டுக் கொடுக்காமல் சுவரை உடைத்துவிட்டு அதைச் சிக்கனம் என்று சொல்வதை ஏற்க முடியாது. அது குற்றம்.

மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ எழுப்பிய இவ்வீடுகளில் கான்கிரீட் தூண் கிடையாது. உத்திரம், கட்டைகள், அவற்றின் மேலுள்ள தளம் எல்லாமே சுவரை நம்பித்தான் நிற்கின்றன. சிறிய ஜன்னல் திறந்தால், மேலுள்ள செங்கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாரத்தை இருபக்கமும் தள்ளிவிடும். ‘ஒன்றும் ஆகாது’ என்ற துணிச்சல் அங்கேதான் பிறக்கிறது. அகலம் கூடினாலோ, உத்திரத்தின் முனை அவ்விடத்திலேயே ஊன்றியிருந்தாலோ அந்தப் பிடிப்பு போதாது.

செய்ய வேண்டியது அனுபவமுள்ள மேஸ்திரிக்குத் தெரியும். முதலில் தளத்துக்கு முட்டு. பிறகு திறப்புக்கு மேலே சுவரைத் துளைத்து, குறுக்கே இரும்பு உத்திரம் நுழைத்து, அதன் இரு முனைகளுக்கும் ஜாக்கி. முட்டின் அடியில் பலகை வேண்டும்; இல்லாவிட்டால் பழைய தரை அமுங்கும். தடித்த சுவரென்றால் பாதிக் கனத்தில் ஒரு லிண்டலை ஏற்றி இறுக்கிய பிறகே மறுபாதியைத் தொடலாம். லிண்டலுக்கு மேலுள்ள சந்தில் கெட்டிக் கலவையைத் திணிக்காவிட்டால் மேல்சுவர் இறங்கி, விரிசல் விடும். கான்கிரீட்டை அங்கேயே வார்த்தால், ஆறு மீட்டர் வரையிலான உத்திரத்துக்கு 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 456 தர விதி. நம்மூரிலோ திறப்பு விழாத் தேதிதான் முட்டைப் பிரிக்கிறது!

2017 ஜூலை 25 அன்று மும்பை காட்கோபரில் நான்கு மாடிக் குடியிருப்பு சரிந்து 17 பேர் இறந்தனர். தரைத்தளத்தில் நடந்த மாற்றுவேலையே காரணம் என்று குடியிருந்தவர்கள் குற்றம் சாட்டினர்; அத்தளத்தின் உரிமையாளர் கைதானார்.

இங்கே விபத்து நடந்தால் பழி கொத்தனார் தலையில் விழுகிறது. ‘முட்டுக்குத் தனியாகக் காசா?’ என்று பேரம் பேசிய வீட்டுக்காரரே முதல் குற்றவாளி. ஆபத்து தெரிந்தும் சுத்தியலைத் தூக்கிய மேஸ்திரி அடுத்தவர். அடியில் நின்று இடிபாட்டை அள்ளும் சித்தாளிடமும், பொதுச்சுவருக்கு அந்தப்பக்கம் தூங்கும் குடும்பத்திடமும் யாரும் சம்மதம் கேட்டதில்லை.

அரியலூரில் அரசின் டான்செம் ஆலை உட்படச் சிமெண்ட் ஆலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் விரிசல் மேல் பூசிய சிமெண்ட் பாரத்தைத் தாங்காது. விரிசலை மறைக்க மட்டுமே உதவும்.

இரு ஊர் நகராட்சிகளும் பழைய சுவரை உடைக்கும் வேலைகளை நேரில் பார்த்துத் தடுக்க வேண்டும். கடை வாடகைக்கு எடுப்பவர்களே, முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்: இந்தச் சுவரை உடைக்கும்போது பதிவு பெற்ற பொறியாளர் யார் வந்து பார்த்தார்?