பிரிண்டர் எந்தப் பக்கம் இருக்கு?

வீட்டிலிருந்தோ அறையிலிருந்தோ வளாகக் கணினிக்குள்ள ரிமோட் டெஸ்க்டொப் வழியாகப் போய் வேலை செய்வது எங்கட மட்டத்தில் இப்ப புதினம் இல்லை. புள்ளிவிபர மென்பொருளின் உரிமம் அங்கதான் இருக்கு. எங்கட பழைய மடிக்கணினிகளில் அதை ஓட்டவும் ஏலாது. அட்டவணை எல்லாம் சரியாக வரும். பிரிண்ட் கொடுத்தால் மட்டும் பக்கத்தில் இருக்கிற பிரிண்டர் அசையாது, இல்லாட்டி அதன் பெயரே பட்டியலில் இராது. உடனே ஒரு வசனம் வரும்: "அது ஐ.ரி. ஆக்களின்ர வேலை, நாங்க ஆர்ட்ஸ்தானே."

இந்த வசனத்தோடதான் எங்களுக்குச் சண்டை.

அந்த வசனத்தைச் சொன்ன பிறகு நடக்கிறதைப் பாருங்கோ. தெரிஞ்ச ஒருத்தரிடம் எங்கட பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறம். அல்லது கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கொமினிகேஷனுக்குக் கொண்டு போறம். அந்தக் கோப்பில் இருக்கிறது எங்கட அட்டவணை மட்டும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி ஒரு அம்மா எங்களை நம்பிச் சொன்னதும் பின்னிணைப்பில் இருக்கு. பெயரை மாற்றி எழுதியிருந்தாலும் ஊரையும் கதையையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். கடைக் கணினியில் அந்தக் கோப்பின் பிரதி தங்கினால் யார் பொறுப்பு? ஆய்வு அறம் பற்றி இரண்டு அத்தியாயம் எழுதுகிற நாங்கள் இதை யோசிக்க வேண்டாமா?

இத்தனைக்கும் விஷயம் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்விதான்: கோளாறு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? ரிமோட் இணைப்பில் நாங்கள் காண்பது திரை மட்டும். வேலை நடப்பது தூரத்துக் கணினியில். அந்தக் கணினிக்கு எங்கட மேசையில் இருக்கிற பிரிண்டரைத் தெரியாது. இணைப்புத்தான் அதைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆகவே முதலில் இணைப்பை விட்டு வெளியே வந்து, எங்கட கணினியிலிருந்து ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவே வரேல்லை என்றால் ரிமோட்டைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வந்தால், விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப் பெட்டியில் இணைவதற்கு முதல் 'ஷோ ஒப்ஷன்ஸ்' திறந்து, 'லோக்கல் ரிசோர்சஸ்' பகுதியில் 'பிரிண்டர்ஸ்' என்பதற்குச் சரி போட்டிருக்கா என்று பார்க்க வேண்டும். ஏற்கனவே இணைந்திருந்தால் துண்டித்துவிட்டுத் திரும்ப இணைய வேண்டும். சரியாகப் போயிருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டியலில் பிரிண்டரின் பெயரோடு 'ரிடைரக்டட்' என்ற சொல்லும் ஒரு இலக்கமும் தெரியும்.

இவ்வளவும் செய்தும் தெரியேல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம். பிரிண்டரைக் கொண்டுவரக் கூடாது என்று நிர்வாகி தடை போட்டிருக்கலாம். அல்லது பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்துகிற 'ஸ்பூலர்' நிறுத்தப்பட்டிருக்கலாம். 2021 யூலையில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது, ஸ்பூலரை நிறுத்தி வைப்பதை ஒரு தற்காலிக வழியாக மைக்ரோசொஃப்டே சொன்னது. அப்படி நிறுத்தியதைத் திரும்ப இயக்காத இடத்தில் மாணவர் எத்தனை தரம் சரி போட்டாலும் ஒன்றும் நடக்காது.

எங்கட ஆக்களுக்கென்றே இன்னொரு கோளாறும் இருக்கு: பாமினி. வீட்டில் பாமினியில் தட்டிய கட்டுரையை, பாமினி இல்லாத வளாகக் கணினியில் திறந்து பிரிண்ட் கொடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும். திட்டு வாங்குவது பிரிண்டர். பக்கம் உருவாவது அந்தப் பக்கம் என்பதால் எழுத்துருவும் அங்கதான் இருக்க வேண்டும். யூனிகோடில் எழுதினால் இந்தத் தலையிடி இல்லை.

எதுவுமே சரிவரேல்லை என்றால், அந்தப் பக்கத்திலேயே பிடிஎஃப் ஆக்கி, 'டிரைவ்ஸ்' என்பதற்கும் சரி போட்டு எங்கட கணினிக்கு இழுத்து, இங்கிருந்து அச்சிடலாம். டிரைவையும் நிர்வாகம் தடுத்திருக்காவிட்டால் பென்டிரைவும் வேண்டாம், கடையும் வேண்டாம்.

"சேர்வரைப் பார்க்கிறது மாணவரின்ர வேலையா?" என்று கேட்பினம். இல்லைத்தான். ஆனால் "பிரிண்ட் வரேல்லை, சேர்" என்று எழுதுகிற முறைப்பாடு மேசையிலேயே கிடக்கும். "எங்கட பக்கம் எல்லாம் பார்த்திட்டம், பிரிண்டருக்குத் தடை போட்டிருக்கா என்று பாருங்கோ" என்று எழுதினால் மறுமொழி சொல்லியே ஆகவேண்டும். பாதுகாப்புக்காக மூடியிருந்தால் அதைத் தமிழில் ஒரு அறிவித்தலாகப் போடுவதற்கு நிர்வாகத்துக்கு எவ்வளவு நேரம் போகும்?

முதலாம் வருடத்தில் கணினியின் பாகங்களைப் படம் கீறிப் பெயரிட்டுப் புள்ளி எடுத்தவர்கள்தான் நாங்கள். அந்தப் பாடத்தில் ஒரு கிழமையை இதற்கு ஒதுக்கலாம். ஒரு சான்றை எடுத்து, இது எங்கிருந்து வந்தது, இடையில் யார் கை வைத்தது என்று கேட்பது கலைப்பீடம் எங்களுக்குப் பழக்கிய வேலை. அதே கேள்வியைப் பிரிண்டரிடமும் கேட்கலாம். அதற்கு ஐ.ரி. ஆளாக இருக்கத் தேவையில்லை.