சின்னண்ணன் விட்டு வந்த மில்

போன ஞாயிறு எங்கள் ஆலயத்தில் சாட்சி நேரம். எழுந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். ஆர்டர் கிடைத்தது, புது மெஷின் இறங்கியது, கடன் அடைந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அதில் தப்பில்லை. பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான். ஒரு ஷிப்மென்ட் நின்றால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. வந்ததைச் சொல்ல இத்தனை பேர் இருக்க, விட்டதைச் சொல்ல ஒருவரும் இல்லையே!

மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் ஓடி வரும் பணக்காரன் கெட்டவன் இல்லை. சிறு வயது முதல் கட்டளைகளைக் காத்து வந்தவன். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு என் பின்னே வா என்றதும் முகம் வாடித் திரும்பிப் போனான்.

திரும்பிப் போகாத ஒருவரை நம் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அவர் பெயர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர். அலோவா என்ற ஊரில் பின்னல் நூல் மில் நடத்திய குடும்பம். நம் ஊர் வழக்கில் சொன்னால் மில் முதலாளி வீட்டுப் பிள்ளை. மருத்துவம் படித்த அவர், 1921-ல் டாக்டர் சவரிராயன் ஏசுதாசனோடு சேர்ந்து வட ஆற்காட்டுத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தி ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன்.

1932 ஜனவரியில் நம் திருப்பூரில் குமரன் தடியடிபட்டு உயிர்விட்டார். அதே வருஷம் சென்னையில் கதர் உடுத்திய இந்தச் சின்னண்ணனும் போலீசிடம் அடிபட்டார். அலோவாவிலேயே இருந்திருந்தால் அந்த அடி அவருக்கு ஏன் விழப்போகிறது?

எல்லாரும் கம்பெனியை விற்றுவிட்டு ஆசிரமத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூடினால் தெருவில் நிற்கப்போவது செக்கிங் மேஜைப் பெண்கள்தான். அழைப்பு ஆளுக்கு ஆள் வேறு. சகேயு பாதிச் சொத்தை ஏழைகளுக்கு என்றான். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவேன் என்றான். அவனுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் எவருக்கும் கொஞ்சமாவது கையைத் திறக்காமல் பின்பற்றுதல் கிடையாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பீஸ் ரேட்டில் பத்துப் பைசா கூட்டிக் கேட்டு வந்த டெய்லர்களிடம், கணக்குப் புத்தகத்தைக் காட்டி, "கட்டுபடியாகாதுங்க" என்று சொல்லி அனுப்பியவன் நான். கட்டுபடியாகும் என்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. அது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வேலையை விட்டுவிட மனசில்லை. மறுநாள் ஞாயிறு, காணிக்கைப் பையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே போட்டேன்.

அடுத்த சாட்சி நேரத்தில் இதைச் சொல்ல வேண்டும். எழுந்து நிற்கத் தைரியம் வர வேண்டும், அவ்வளவுதான்.