மாத்திரையை நிறுத்துவது தவக்குல் அன்று

சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவரை நோக்கி, "உமக்கு ஈமான் குறைவு" என்று எவரும் கூறுவதில்லை. மனச்சோர்வுக்கோ மனச்சிதைவுக்கோ மருந்து உண்பவரிடம் மட்டும் அச்சொல்லைக் கூச்சமின்றிக் கூறுகிறோம். "ஐவேளை தொழுதால் போதாதா, எதற்கு இந்த மாத்திரை?" என்கிறோம். ஓதிய தண்ணீரைக் கொடுத்துவிட்டு மாத்திரை அட்டையை ஒளித்து வைக்கிறோம். ஓதிப் பார்ப்பதை நாம் எதிர்க்கவில்லை; மருந்தைப் பறிப்பதையே எதிர்க்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்று கற்ற சமுதாயம், கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டு அதற்கு இறைநம்பிக்கை என்று பெயர் சூட்டலாமா?

"பக்கவிளைவுகள் இருக்கின்றனவே" என்பது அடுத்த வாதம். உண்மைதான், அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஓலான்சபின் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டக்கூடும். ஹாலோபெரிடால் கைநடுக்கத்தையும் தசை இறுக்கத்தையும் தரக்கூடும். மனச்சோர்வு மருந்துகள் பலவற்றில் குமட்டல் முதல் வாரத்திலேயே வந்துவிடும்; பலன் தெரியவோ இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று தீர்ப்பளித்து விடுகின்றன. அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் மருத்துவரால் இயலும். நாமாகத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் உறக்கமின்மையும் வரலாம்; அடங்கியிருந்த நோயும் திரும்பலாம்.

ரமளானில் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. லித்தியம் உண்பவருக்கு உடலில் நீர் வற்றினால், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு நஞ்சாகும் எல்லைக்கு உயரக்கூடும். வாந்தி, கடும் நடுக்கம், தள்ளாட்டம் ஆகியவை அதன் அறிகுறிகள். நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்தது மார்க்கமே. அச்சலுகை மனநோயாளிக்கு இல்லை என்று சொல்ல நாம் யார்? நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டறிவது குடும்பத்தாரின் பொறுப்பு.

போதைக்கு அடிமையானோர் விஷயத்தில் நம் அறியாமை உயிரையே பறிக்கிறது. பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரை, "தவ்பா செய்" என்று அறையில் அடைத்து ஒரே நாளில் குடியை நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் சித்தக் குழப்பமும் தோன்றலாம், மரணமும் நேரலாம். மருத்துவரின் கண்காணிப்பில் மருந்து கொடுத்தே அவரை அக்கட்டத்தைக் கடக்கச் செய்ய வேண்டும். டைசல்ஃபிராம் மாத்திரையை அவரறியாமல் குழம்பில் கலப்போரும் உண்டு. அதன்மேல் அவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகக்கூடும். இது சிகிச்சையன்று, வஞ்சகம்.

ஹெராயின் பழக்கத்துக்கு மெதடோன், புப்ரினார்ஃபின் கொடுப்பதை, "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று பழிப்போர் ஒன்றை அறியட்டும். உலக சுகாதார நிறுவனம் 2005இல் இவ்விரண்டையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அளவறிந்து நாள்தோறும் கொடுக்கப்படும் இம்மருந்துகள் ஏக்கத்தை அடக்கி, மனிதரை வேலைக்கும் குடும்பத்துக்கும் மீட்கின்றன. கோலாலம்பூரின் அர்ரஹ்மான் பள்ளிவாசலில் 2010இல் மெதடோன் சிகிச்சையே தொடங்கப்பட்டது. அங்கே பள்ளிவாசல் திறந்த கதவை இங்கே நாம் ஏன் அடைக்கிறோம்?

மருந்தின்றி மனநோயாளிகளைக் கட்டி வைத்ததன் விலையை நாம் அறிவோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டவர் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் தடை செய்துள்ளது. அதே ஏர்வாடி தர்காவில் பின்னர் 'தவா-துஆ' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் ஒருங்கே வழங்கப்படலாயின. நாம் வேண்டுவதும் அதுவே.

ஆலிம் பெருமக்கள் ஜும்ஆ பயானில் இதை எடுத்துரைக்கட்டும். உதவி தேவைப்படும் குடும்பங்கள் அரசின் டெலி மானஸ் இலவச எண்ணான 14416ஐ அழைக்கட்டும். இன்றிரவு, ஒளித்து வைத்த மாத்திரை அட்டையை எடுத்து உரியவர் கையில் கொடுப்போம். மருத்துவரை மீண்டும் காண அவருடன் நாமும் செல்வோம். நோயுற்ற அனைவருக்கும் வல்ல இறைவன் பூரண ஷிஃபா அளிப்பானாக!