மையம் எந்தத் தெருவில் நடந்தது?

2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' குறித்து நல்லதொரு ஆய்வு வந்துள்ளது. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளின் கற்றலை ஆராய்ந்தனர். கொரோனா காலத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் மீண்டது; அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்பது அவர்கள் கணக்கு. பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளே கூடுதலாக வந்தனர் என்றும் பதிவு செய்துள்ளனர். அரசுத் திட்டம் எதுவும் உருப்படாது என்போருக்கு இதுவே போதுமான பதில்.

ஆயினும், திட்டம் பலன் தந்ததா என்பது ஒரு கேள்வி. எவ்விடத்தில், யார் கையால், எப்படி நடந்தது என்பது வேறு கேள்வி. பின்னதைக் கேட்பதே செயலாக்க ஆய்வு. 'பின்தங்கியோர்' என்ற பொதுச்சொல்லுக்குள் சாதி கரைந்துபோனால் அக்கேள்விக்கு விடை கிடைக்காது.

நம் திருவண்ணாமலை மாவட்டத்தையே பார்ப்போம். தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்றுதான். அதற்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயின. இத்தகைய ஊரில் மாலை வகுப்பு கோயில் மண்டபத்தில் நடந்தால் சேரிப் பிள்ளை எங்கே உட்காரும்? சேரியில் தலித் பெண்ணொருவர் நடத்தினால் ஊர்த்தெருப் பிள்ளையை அனுப்புவார்களா? காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்த அடுத்த மாதமே, 2023 செப்டம்பரில், கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளை உண்ண விடவில்லை.

ஊருக்கொன்று, சேரிக்கொன்று எனப் பிரித்துவிட்டால் வருகைப்பதிவு சிறப்பாகவே இருக்கும், மதிப்பெண்ணும் உயரக்கூடும். அளவீட்டில் அது வெற்றி, நடைமுறையில் தீண்டாமை. அதையே மாதிரியாகக் கொண்டு மாநிலமெங்கும் விரித்தால் பிரிவினையும் அரசாணையோடு விரியும். நலிந்த பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காப்பது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 8(இ) பிரிவு அரசின்மீது சுமத்திய கடமை. அதை நிறைவேற்றியதா என்று சோதிக்கத் தரவு வேண்டும்.

எனவே ஊராட்சிவாரியாக மையம் நடந்த இடம், அது எந்தக் குடியிருப்பு, வந்த பிள்ளைகளின் சமூகப் பிரிவு ஆகியவற்றை அரசு வெளியிட வேண்டும். தன்னார்வலர் பெயர் வேண்டியதில்லை. எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பது போதும். அரசு தாமாக வெளியிடும்வரை கல்லூரி மாணவர்கள் காத்திருக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சொந்த ஊராட்சிக்கு ஆளுக்கொரு மனு போடலாம். கட்டணம் பத்து ரூபாய்.